குழந்தைக்குக் கொரோனா வந்து போனதா? ஆன்டிபாடி பரிசோதனைகளில் எதை எடுக்கலாம், எதை விடலாம்

குழந்தைகளுக்குக் கொரோனா பெரும்பாலும் ஒரு நாள் காய்ச்சலாகவோ மூக்கொழுகலாகவோ வந்து போய்விடும். சிலருக்கு அதுவும் இருக்காது. அந்தச் சமயத்தில் பிசிஆர் எடுக்காமல் விட்டிருந்தால், பின்னாளில் கிடைக்கும் தடயம், வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கி ரத்தத்தில் மிஞ்சியிருக்கும் ஆன்டிபாடிதான். அமெரிக்காவில் லேப்களில் மீந்த சீரத்தை (ரத்த அணுக்களைப் பிரித்தபின் கிடைக்கும் தெளிந்த நீர்) வைத்துச் செய்த கணக்கெடுப்பில், 2021 டிசம்பரில் 11 வயது வரையிலான குழந்தைகளில் 44.2 சதவீதம் பேருக்குப் பழைய தொற்றின் ஆன்டிபாடி இருந்தது. 2022 பிப்ரவரியில் அது 75.2 சதவீதம். இரண்டே மாதத்தில் ஒமிக்ரான் செய்த வேலை அது. சளி மாதிரி எடுத்து எண்ணியிருந்தால் இதில் பெரும்பகுதி கண்ணில் பட்டிருக்காது.

அந்தக் கணக்கெடுப்புக்குப் பயன்பட்ட பரிசோதனை சாதாரண லேப்களிலும் கிடைக்கிறது. அதோடு கார்டு டெஸ்ட், ரத்தத் துளியைத் தாளில் சொட்டி அனுப்பும் கிட், ஈறில் தேய்க்கும் பஞ்சு என்று வேறு வகைகளும் உண்டு. எல்லாமே ‘கோவிட் ஆன்டிபாடி டெஸ்ட்’ என்ற ஒரே பெயரில் விற்கின்றன. அளப்பது ஒன்றையல்ல. குழந்தை விஷயத்தில் இந்த வேறுபாடு பெரியவர்களைவிட அதிகமாகவே அடிக்கும்.

இங்கே எடைபோடுவது ஒரே கேள்விக்காக: இந்தக் குழந்தைக்கு முன்பு தொற்று வந்ததா? ‘எதிர்ப்புச் சக்தி போதுமா, இனி வராதா’ என்ற கேள்விக்கு இந்தப் பரிசோதனைகளில் எதுவும் பதில் தராது. தடுப்பூசிக்குப் பிறகு பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்க்க ஆன்டிபாடி டெஸ்ட்டைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021 மே மாதமே அறிவித்துவிட்டது. அந்த எண்ணத்தோடு லேப் வாசலுக்குப் போகிறவர்கள் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

எந்தப் புரதம் என்று கேளுங்கள்

வைரஸின் இரண்டு பாகங்களுக்கு எதிரான ஆன்டிபாடியைத்தான் லேப்கள் தேடுகின்றன. ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதம். மற்றது உள்ளே ஆர்என்ஏவைச் சுற்றியிருக்கும் நியூக்ளியோகாப்சிட் புரதம். ஃபைசர், மாடர்னா, கோவிஷீல்டு, கோர்பிவேக்ஸ் போன்றவை ஸ்பைக்கையோ அதன் ஒரு துண்டையோ மட்டும் உடலுக்குக் காட்டுகின்றன. ஆகவே இவற்றில் ஒன்றைப் போட்ட குழந்தைக்கு ஸ்பைக் ஆன்டிபாடி இருப்பதில் புதுச் செய்தி எதுவும் இல்லை. நியூக்ளியோகாப்சிட் ஆன்டிபாடி இருந்தால்தான் அது தொற்றின் அடையாளம்.

கோவேக்சின், சைனோவேக், சைனோஃபார்ம் ஆகியவை முழு வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரித்தவை. இவற்றைப் போட்ட குழந்தைக்குத் தொற்றே வராமலும் நியூக்ளியோகாப்சிட் ஆன்டிபாடி உருவாகலாம். அப்படிப்பட்ட குழந்தைக்கு ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்துத் தொற்றா, ஊசியா என்று எந்த லேப்பாலும் பிரித்துச் சொல்ல முடியாது. சொல்ல முடியும் என்று விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

லேப்பின் பட்டியலில் ‘கோவிட் ஐஜிஜி’ (ஐஜிஜி என்பது ஆன்டிபாடியின் ஒரு வகை) என்று மட்டும் போட்டிருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்: ஸ்பைக்கா, நியூக்ளியோகாப்சிட்டா? எந்தக் கம்பெனியின் கிட்? கவுன்டரில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால் உள்ளே டெக்னீஷியனிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இதற்குப் பதில் கிடைக்காத இடத்தில் குழந்தையின் ரத்தத்தைக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

முதல் தேர்வு: நியூக்ளியோகாப்சிட் டோட்டல் ஆன்டிபாடி

ரோச் கம்பெனியின் எலெக்சிஸ் ஆன்டி-சார்ஸ்-கோவ்-2 என்ற பரிசோதனைதான் நமது முதல் பரிந்துரை. அதே பெயரின் கடைசியில் ‘எஸ்’ சேர்ந்தால் அது ஸ்பைக் பரிசோதனை, குழப்பிக்கொள்ள வேண்டாம். மேலே சொன்ன அமெரிக்கக் கணக்கெடுப்பிலும் எஸ் இல்லாத இந்தப் பரிசோதனையைத்தான் பயன்படுத்தினார்கள். மெஷின் எடுத்துக்கொள்ளும் நேரம் 18 நிமிடம். ரிப்போர்ட் மறுநாள் வருவதற்குக் காரணம், லேப் மாதிரிகளைச் சேர்த்துவைத்து ஒன்றாக ஓட்டுவதுதான்.

இதன் பலம் வடிவமைப்பில் இருக்கிறது. ஆன்டிபாடியின் ஒரு கையை ஒரு நியூக்ளியோகாப்சிட் துண்டும், மறு கையை இன்னொரு துண்டும் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் பிடித்தால்தான் சிக்னல். ஆகவே ஐஜிஜி, ஐஜிஎம், ஐஜிஏ என்று வகை பார்க்காமல் எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கிறது. நாளாக ஆக, ஆன்டிபாடியின் அளவு குறைந்தாலும் பிடிப்பு இறுகும். இந்த முறை அந்த இறுக்கத்துக்கும் மதிப்புத் தருவதால், தொற்று வந்து பல மாதம் கழித்தும் பாசிட்டிவாகவே நிற்கிறது. தேவையற்ற ஆன்டிபாடி ஒட்டிக்கொண்டு பொய்யாகப் பாசிட்டிவ் காட்டுவதும் அபூர்வம். கம்பெனி அறிவித்த துல்லியம், அதாவது தொற்று வராதவருக்குச் சரியாக நெகட்டிவ் காட்டும் திறன், 99.8 சதவீதம்.

ரிப்போர்ட்டில் ‘சிஓஐ’ என்று ஒரு எண் இருக்கும். 1.0 அல்லது அதற்கு மேல் என்றால் ரியாக்டிவ், அதாவது பாசிட்டிவ். 48 என்று வந்த குழந்தைக்கு 12 என்று வந்த குழந்தையைப் போல நான்கு மடங்கு ஆன்டிபாடி என்று படிக்கக் கூடாது. அது சிக்னலின் விகிதம், அளவு அல்ல. 0.08 என்பதும் 0.85 என்பதும் இரண்டும் நெகட்டிவ்தான். ஆனால் 0.85 வந்த குழந்தைக்கு, பழைய தொற்றின் ஆன்டிபாடி இறங்கிக்கொண்டிருக்கலாம், அல்லது புதிய தொற்றில் இப்போதுதான் ஏறிக்கொண்டிருக்கலாம். மூன்று வாரம் கழித்து அதே லேப்பில் இன்னொரு முறை பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். எண்ணை மறைத்து ‘நெகட்டிவ்’ என்று மட்டும் அச்சடிக்கும் லேப்கள் இந்த வாய்ப்பை அடைத்துவிடுகின்றன. எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

அபாட் ஆர்க்கிடெக்ட் ஐஜிஜி பரிசோதனையும் நியூக்ளியோகாப்சிட்டைத்தான் பார்க்கிறது. கட்-ஆஃப், அதாவது பாசிட்டிவ் தொடங்கும் எல்லை, 1.4. தொற்று வந்து சில வாரங்களுக்குள் எடுத்தால் குறை சொல்ல முடியாது. பிரச்சினை அதற்குப் பிறகுதான். இது ஐஜிஜியை மட்டும் எண்ணுவதால், மாதங்கள் போகப்போகச் சிக்னல் வேகமாகச் சரிகிறது; நிஜமாகவே தொற்று வந்தவர்கள் அரையாண்டுக்குள் நெகட்டிவாக மாறுவது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் கொரோனாவா என்று இன்று பார்க்க இது ஏற்றதல்ல. இதில் நெகட்டிவ் வந்திருந்தால் எண் 0.02-ஆ, 0.9-ஆ என்று பாருங்கள். இரண்டாவதைக் கண்ணை மூடிக்கொண்டு நெகட்டிவ் என்று ஏற்க வேண்டாம்.

ஸ்பைக் அளவுப் பரிசோதனை எப்போது உதவும்

தடுப்பூசியே போடாத குழந்தைக்கு இது நல்ல துணை. ஸ்பைக் ஆன்டிபாடி பொதுவாக நீண்ட காலம் நிற்கும். நியூக்ளியோகாப்சிட் நெகட்டிவ், ஸ்பைக் பாசிட்டிவ், ஊசி எதுவும் இல்லை, வயது ஒன்றைத் தாண்டிவிட்டது என்றால், பழைய தொற்று என்றே கொள்ளலாம். ஒரே குழாய் ரத்தத்தில் இரண்டையும் பார்த்துவிடலாம். தனியாக ஊசி குத்த வேண்டியதில்லை.

எண்களை மட்டும் ஒப்பிட்டுவிடாதீர்கள். ரோச் ஸ்பைக்கின் கட்-ஆஃப் மில்லிக்கு 0.8 யூனிட். அபாட் குவான்ட்டுக்கு 50 ஏயு. டயாசோரின் டிரைமெரிக்குக்கு 33.8 பிஏயு. 2020 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் பொது அளவுகோல் ஒன்றைக் கொண்டுவந்தது. பிஏயு என்பது அதுதான். அபாட் ஏயுவை 0.142-ஆல் பெருக்கினால் பிஏயு கிடைக்கும். அதன்படி அபாட்டின் 50 என்பது 7.1 பிஏயு மட்டுமே. அண்ணனுக்கு ஒரு லேப்பில் 900, தங்கைக்கு வேறு லேப்பில் 130 என்று வந்தால், அலகையும் கிட்டையும் பார்க்காமல் யாருக்கு அதிகம் என்று சொல்ல முடியாது. பிஏயுவாக மாற்றிய பிறகும் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் மிஞ்சவே செய்யும்.

யூரோஇம்யூன் எலைசா ஸ்பைக்கின் முன்பாதியைப் பார்க்கும் ஐஜிஜி பரிசோதனை. 1.1-க்கு மேல் பாசிட்டிவ், 0.8-க்குக் கீழே நெகட்டிவ், இடையில் வந்தால் இரண்டும் கெட்டான் நிலை. ஆராய்ச்சிக்குப் போதும். தனிக் குழந்தைக்கு மேலே சொன்னவை கிடைக்காதபோது மட்டும்.

கார்டு டெஸ்ட்: வேண்டாம்

ஒரு சொட்டு ரத்தம், இரண்டு சொட்டு பஃபர் கரைசல், 15 நிமிடத்தில் கோடு. வசதி என்று பார்த்தால் இதற்கு ஈடில்லை. முடிவு என்று பார்த்தால் கடைசி இடம். ஐஜிஎம் கோடு வேறு காரணங்களாலும் மங்கலாக விழும். குறித்த நேரம் தாண்டிப் பார்த்தால் ஈரம் காய்ந்து போலிக் கோடு தெரியும். பல கார்டுகளில் எந்தப் புரதம் பூசியிருக்கிறார்கள் என்பதே உறையில் இருக்காது. ரத்தம் குறைவாக விழுந்தாலும், டெஸ்ட் ஓடியது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு வந்துவிடுவதால், சோதனை கெட்டது தெரியாமலே ‘நெகட்டிவ்’ என்று எழுதிவிடுவார்கள். ஓடத் துடிக்கும் மூன்று வயதுக் குழந்தையிடம் இதுதான் அதிகம் நடக்கும்.

கணக்கைப் பாருங்கள். நூற்றுக்கு 5 குழந்தைகளுக்கே தொற்று வந்திருந்த காலத்தில், 90 சதவீதம் பிடிக்கும் திறனும் 98 சதவீதத் துல்லியமும் உள்ள ஒரு டெஸ்ட்டை 1,000 குழந்தைகளுக்குச் செய்தால், 45 உண்மையான பாசிட்டிவ், 19 போலி. பாசிட்டிவ் வந்தவர்களில் பத்துக்கு மூன்று பேருக்குத் தவறான பதில். இப்போது நிலைமை நேர் எதிர். 80 சதவீதம் பேருக்குத் தொற்று வந்துவிட்ட இடத்தில், 70 சதவீதம் மட்டுமே பிடிக்கும் டெஸ்ட்டைச் செய்தால், அதன் துல்லியம் 99 சதவீதமாகவே இருந்தாலும், 1,000-க்கு 240 பேரைத் தவறவிடும். சரியாக நெகட்டிவ் வருபவர்கள் 198 பேர்தான். அதாவது ‘தொற்று வரவில்லை’ என்று ரிப்போர்ட் வாங்கியவர்களில் பாதிக்கு மேல் தொற்று வந்தவர்கள். ஆகவே இன்று குழந்தைக்கு வாங்கும் டெஸ்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது, மாதங்கள் கழித்தும் பிடிக்கும் திறன்.

ரத்தத் துளித் தாள் கிட்: கைப்பக்குவம் சரியாக இருந்தால் நல்லது

வீட்டிலேயே விரலில் குத்தி, தடித்த வடிதாளில் சொட்டி, காயவைத்து அனுப்புவது. பச்சிளங்குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு பார்க்கப் பல்லாண்டாக உள்ள முறைதான் இது. மருத்துவமனைக்குப் போகாமல் ஒரே குழந்தையை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்துவர இதைவிட வசதி வேறில்லை. கெடுவது பெரும்பாலும் மாதிரி எடுக்கும் இடத்தில்.

6 மாதத்துக்குக் கீழ் அல்லது 10 கிலோவுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு விரலில் குத்தக் கூடாது. எலும்பு மிக அருகில் இருக்கிறது. குதிகாலின் அடியில், இரு ஓரங்களில்தான் குத்த வேண்டும், நடுவில் கூடாது. அதை நர்ஸ் செய்வதே நல்லது. பெரிய குழந்தைக்கு நடுவிரல் அல்லது மோதிர விரல். நுனியின் உச்சியில் அல்ல, சதைப்பகுதியின் பக்கவாட்டில். 8 வயதுக்குக் கீழ் 1.5 மில்லிமீட்டர் ஆழம் குத்தும் லான்செட் (விரலில் குத்தும் சிறு ஊசி) போதும். கிட்டில் ஒரே அளவு லான்செட்தான் வைத்திருக்கிறார்கள் என்றால் அது எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். பெரியவர்களுக்கான 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்டதை நாலு வயதுக் குழந்தைக்குப் போட வேண்டாம்.

கையை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று, நான்கு நிமிடம் வைத்து, கீழே தொங்கவிடுங்கள். ரத்தம் தானாக வருவதற்கு இதுதான் வழி. ஸ்பிரிட் துடைத்தபின் முழுக்கக் காயும்வரை, அரை நிமிடமாவது, பொறுங்கள். ஈரத்தோடு குத்தினால் எரிச்சல் ஒரு பக்கம், ரத்தம் துளியாகத் திரளாமல் தோலில் பரவுவது இன்னொரு பக்கம், சிவப்பணு உடைவது மூன்றாவது. கைரேகைக் கோடுகளுக்குக் குறுக்காகக் குத்தினால் துளி உருண்டு நிற்கும். கோட்டோடு குத்தினால் ரேகை வழியாக ஓடிவிடும். முதல் துளியைத் துடைத்துவிடுங்கள். விரலைப் பிழியாதீர்கள். பிழிந்தால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துப்போகும். ஏற்கெனவே குறைவான ஆன்டிபாடி உள்ள குழந்தை அங்கேயே நெகட்டிவாகிவிடும்.

தாளில் ஒரு வட்டத்துக்கு ஒரே பெரிய துளி. விரல் தாளில் படக் கூடாது. துளி வட்டத்தை நிறைத்து, பின்பக்கமும் அதே அளவுக்கு ஊறித் தெரிய வேண்டும். போதவில்லை என்று அதே வட்டத்தில் மேலே இன்னொரு துளி விட்டால் அந்த இடம் கெட்டது; அடுத்த வட்டத்துக்குப் போங்கள். லேப்பில் இந்த வட்டத்திலிருந்து 3.2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பொட்டு வெட்டுவார்கள். அதில் இருப்பது ஏறத்தாழ 3 மைக்ரோலிட்டர் ரத்தம். ஒரு துளிமேல் இன்னொன்று விழுந்த இடத்தில் வெட்டினால் அளவு கூடிவிடும், ஊறாத இடத்தில் வெட்டினால் குறைந்துவிடும்.

காய்வதற்குக் குறைந்தது 3 மணி நேரம், கிடைமட்டமாக, அறை வெப்பத்தில். வெயில் வேண்டாம், ஹேர் டிரையர் வேண்டாம். காற்றில் ஈரம் அதிகமுள்ள நாளில் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். நன்றாகக் காய்ந்த ரத்தம் பிரகாசமான சிவப்பிலிருந்து கருஞ்சிவப்புக்கு மாறியிருக்கும். பிறகு ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு ஜிப் உறையில் போட்டு அனுப்புங்கள். ஈரத்தோடு மூடினால் வழியிலேயே மாதிரி கெட்டுவிடும்.

இந்தக் கிட்டை வாங்குமுன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: உங்கள் லேப், தாள் மாதிரிக்கென்று தனியாகக் கட்-ஆஃப் நிர்ணயித்திருக்கிறதா? தாளிலிருந்து பஃபரில் கரைத்தெடுக்கும்போது ஆன்டிபாடி பல மடங்கு நீர்த்துவிடும். சீரத்துக்கான கட்-ஆஃபையே இதற்கும் வைத்தால் பலவீனமான பாசிட்டிவ்கள் எல்லாம் காணாமல் போகும். பதிலில் தயக்கம் தெரிந்தால், லேப்புக்குப் போய் நரம்பில் 1 அல்லது 2 மில்லி ரத்தம் கொடுப்பதே மேல். 10 கிலோ குழந்தையின் உடலில் 750 மில்லிக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. 2 மில்லி ஒரு பொருட்டல்ல. பழகிய கையால் நரம்பில் ஒரே குத்து, விரலைப் பத்து நிமிடம் பிடித்து அழவைப்பதைவிட நல்லது.

ஈறில் தேய்க்கும் பஞ்சு இங்கிலாந்தில் பள்ளி அளவிலான ஆய்வுகளில் பயன்பட்டது. பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் ஒன்றரை நிமிடம் தேய்த்தால், ரத்தத்திலிருந்து கசியும் ஐஜிஜி பஞ்சில் சேரும். வலியே இல்லை. ஆனால் அளவு மிகக் குறைவு என்பதால் தவறவிடுவது அதிகம். ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கச் சரி. உங்கள் குழந்தைக்கு வந்ததா என்பதற்குப் போதாது.

நல்ல டெஸ்ட்டும் ஏமாற்றும் இடங்கள்

தொற்று வந்து இரண்டு வாரத்துக்குள் எடுத்தால் வீண். மூன்றிலிருந்து நான்கு வாரம் சரியான சமயம்.

எல்லாக் குழந்தைகளுக்கும் ஆன்டிபாடி உருவாவதில்லை. 2020-இல் மெல்போர்னில் நடந்த ஆய்வில், பிசிஆர் பாசிட்டிவ் வந்த பெரியவர்களில் 76 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி வந்தது. குழந்தைகளில் 37 சதவீதம் பேருக்கே. வைரஸ் அளவு இரு தரப்பிலும் ஒத்திருந்தது. லேசான தொற்றை உடல் சீக்கிரமே முடித்துவிட்டால் ஆன்டிபாடி பெருகும் அளவுக்கு வேலை இல்லாமல் போகலாம். தடுப்பூசிக்குப் பிறகு வந்த தொற்றும் இப்படித்தான் நழுவும். மாடர்னாவின் பெரியவர்களுக்கான சோதனையில், தொற்று வந்தவர்களில் ஊசி போடாத தரப்பில் 93 சதவீதம் பேருக்கு நியூக்ளியோகாப்சிட் ஆன்டிபாடி வந்தது. ஊசி போட்ட தரப்பில் 40 சதவீதம்தான். ஆகவே நெகட்டிவ் ரிப்போர்ட்டை ‘வரவே இல்லை’ என்பதற்குச் சான்றாக எடுக்காதீர்கள்.

கைக்குழந்தை என்றால் ரத்தத்தில் இருப்பது தாயின் ஐஜிஜியாக இருக்கலாம். அது நஞ்சுக்கொடி வழியாக வந்துவிடும். 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், கர்ப்ப காலத்தில் தடுப்பூசி போட்ட தாய்மாரின் குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு 6 மாதத்திலும் ஸ்பைக் ஐஜிஜி இருந்தது. தொற்று மட்டும் வந்திருந்த தாய்மாரின் குழந்தைகளில் அது 8 சதவீதம். ஆறு மாதம் வரை இந்தப் பரிசோதனையே வேண்டாம். ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டாயம் பார்க்க வேண்டும் என்றால், அம்மாவின் ரத்தத்தையும் அன்றே அதே மெஷினில் பாருங்கள்.

ஸ்டீராய்டு நீண்ட நாள் எடுக்கும் குழந்தை, ரிட்டக்சிமாப் என்ற நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து போட்ட குழந்தை, பிறவியிலேயே நோயெதிர்ப்புக் குறைபாடு உள்ள குழந்தை ஆகியோருக்கு ஆன்டிபாடி உருவாகாமலே போகலாம். பயோட்டின் என்ற வைட்டமினை அதிக அளவில் எடுக்கும் குழந்தை என்றால் லேப்பில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில மெஷின்களின் முடிவை அது கெடுக்கும்.

தொற்று எப்போது வந்தது என்பதை ஒற்றை ரிப்போர்ட்டால் சொல்ல முடியாது. மறுபடி வந்ததா என்று தொடர்ந்து பார்க்க வேண்டுமானால், ஒரே லேப், ஒரே கிட், ஒரே அலகு. நடுவில் லேப்பையோ கிட்டையோ மாற்றினால் பழைய எண்கள் எதற்கும் உதவாது.

இந்தப் பரிசோதனைக்கு அவசரமும் அவசியமும் சேர்ந்து வரும் இடம் ஒன்று உண்டு. தொற்று வந்து இரண்டிலிருந்து ஆறு வாரத்தில் சில குழந்தைகளுக்கு விடாத காய்ச்சல், தடிப்பு, கண் சிவப்பு, வயிற்று வலி, இதயப் பாதிப்பு என்று வரும் எம்ஐஎஸ்-சி என்ற அழற்சி நோய். பிசிஆர் அதற்குள் நெகட்டிவாகியிருக்கும் என்பதால் பழைய தொற்றுக்கு ஆன்டிபாடியைத்தான் நம்ப வேண்டியிருக்கும். இதற்கான சிகிச்சையில் கிலோவுக்கு 2 கிராம் என்று நரம்பில் ஏற்றும் ஐவிஐஜி மருந்து, ஆயிரக்கணக்கான கொடையாளிகளின் ரத்தத்திலிருந்து எடுத்த ஐஜிஜி. அது ஏறியபின் எடுக்கும் ரத்தத்தில் தெரிவது கொடையாளிகளின் ஆன்டிபாடியாகவும் இருக்கலாம். அது வடியப் பல மாதம் ஆகும். ஆகவே மாதிரியை ஐவிஐஜிக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். மறந்துபோய் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள் என்றாலும் வழி இருக்கிறது: சேர்க்கையன்று அழற்சியைக் காட்டும் சிஆர்பி, ஃபெரிட்டின் பார்க்க எடுத்த ரத்தத்தில் மீந்த சீரம் பெரும்பாலும் லேப்பின் குளிர்பெட்டியில் சில நாட்கள் இருக்கும். அதைக் கொட்டிவிடாமல் அதிலேயே ஆன்டிபாடி பார்க்கச் சொல்லி டாக்டரிடம் அன்றே கேளுங்கள்.